தகரம் அடித்த பிறகு ஓடியவன் சொல்கிறேன்

எங்கள் தெரு தியேட்டரைப் போன போகியன்று காலை இடிக்க ஆரம்பித்தார்கள். நான்காம் நாள் காணும் பொங்கல் முடிந்து கோர்ட் திறந்தபோது, திரைக்குப் பின்னால் இருந்த சுவரும் சைக்கிள் ஸ்டாண்டின் கொட்டகையும் மட்டும்தான் மிச்சம். அதைக் காப்பாற்ற பதினேழு மாதம் ஓடினேன். என் கைக்காசு 95,000 ரூபாய் போனது. 41 நாள் விடுப்பு போனது. ஒரு போலீஸ் வழக்கும் ஒரு வக்கீல் நோட்டீஸும் வந்தன. தியேட்டரின் பெயரையும் தெருவின் பெயரையும் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அந்த நோட்டீஸ் விவகாரம் இன்னும் முடியவில்லை. வட சென்னையில் ஒரு பழைய கடைத்தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே வேலையில் இறங்கப்போகிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் ஆரம்பித்தபோது இதையெல்லாம் சொல்ல ஒரு ஆள் இல்லை.

முதலில் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். தியேட்டர் முகப்பில் வளைவு வளைவாக மூன்று வாசல், மேலே சுண்ணாம்பில் செய்த ஒரு மயில். மயிலின் கழுத்து எப்போதோ உடைந்து, சிமென்ட் வைத்து ஒட்டியதில் அது கொஞ்சம் வாத்து மாதிரி ஆகிவிட்டது. தரை டிக்கெட் கவுன்டருக்குப் போகும் சந்து ஒரு ஆள் மட்டும் நுழையும் அகலம். இரண்டு பக்கமும் கம்பி, தோள் உயரத்தில் சுவர் வழவழவென்று கறுத்திருக்கும். அறுபது எழுபது வருடமாக ஜனங்கள் உரசிக்கொண்டே போன கறுப்பு அது. காம்பவுண்டை ஒட்டித் தியேட்டர்காரர்களே கட்டி வாடகைக்கு விட்ட ஆறு கடைகள். அதற்கு வெளியே நடைபாதையில் பூ, வாழைப்பழம், பழைய புத்தகம், பூட்டு ரிப்பேர் என்று 31 பேர். தியேட்டர் இல்லாவிட்டால் அந்தத் தெரு இல்லை, தெரு இல்லாவிட்டால் தியேட்டர் இல்லை என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த நினைப்பு பாதி தப்பு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு ஆகஸ்ட் மாதம் இரவு பத்தரை மணிக்கு வீட்டுக்கு வரும்போது சைக்கிள் ஸ்டாண்டுக்குள் முக்காலி மாதிரி ஒரு இரும்புச் சட்டம் நின்றது. டீசல் இயந்திரம் ஓட, இரண்டு பேர் குழாயை மண்ணுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். போர் போடுகிறார்கள் என்று நினைத்துப் போய்விட்டேன். அது தண்ணீருக்குப் போட்ட போர் இல்லை. மண் பரிசோதனை. பத்து மாடி கட்ட நினைக்கிறவர்கள்தான் அத்தனை ஆழத்துக்கு மண் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே ஆறு கடைக்காரர்களிடமும் வாடகை வாங்குவதை நிறுத்தியிருந்தார்கள். 'மேனேஜர் ஊரில் இல்லை, அப்புறம் சேர்த்து வாங்கிக்கிறோம்' என்று பதில். கடைக்காரர்களுக்கு உள்ளூர சந்தோஷம்தான், யாருக்குத்தான் இருக்காது. ஆனால் வாடகை பாக்கி என்று காட்டிக் காலி செய்ய அதுவே சாக்கு. உரிமையாளர் வாடகை வாங்க மறுத்தால் உடனே மணியார்டரிலோ வங்கி வழியாகவோ அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதையும் திருப்பினால் வாடகை அதிகாரியிடம் கட்ட வழி இருக்கிறது. பழைய 1960 வாடகைச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் கையில் இல்லாதவர் பாடு அதில் திண்டாட்டம்தான். எங்கள் ஆறு பேரில் இரண்டு பேரிடம்தான் இருந்தது. கடைசியில் கவுரவமான தொகை வாங்கிக்கொண்டு போனவர்களும் அந்த இரண்டு பேர்தான்.

மண் பரிசோதனைக்கு அடுத்த மாதம் நீலத் தகரம் அடித்தார்கள். அன்றைக்குத்தான் எங்களுக்குச் சொரணை வந்தது. ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். மூன்று நாளில் 340 பேர். துபாயில் இருப்பவர், அமெரிக்காவில் இருப்பவர், எங்கள் தெருவில் எட்டாம் வகுப்பு வரை இருந்து போனவர் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். எனக்கும் தலை கொஞ்சம் பெரிதானது, மறைக்கவில்லை. காந்தி ஜெயந்திக்கு அடுத்த ஞாயிறு மனிதச் சங்கிலி என்று அறிவித்தேன். 200 பேர் வருவார்கள் என்று எண்ணி மைக் செட் சொல்லி, ஃப்ளெக்ஸ் அடித்தோம். வந்தது 46 பேர். அதில் ஏழு பேர் குழந்தைகள். சென்னை நகரப் போலீஸ் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி ஐந்து நாள் முன்பே எழுதி அனுமதி வாங்க வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஸ்டேஷனில் வாயால் சொல்லிவிட்டு வந்தோம், அங்கிருந்தவரும் தலையாட்டினார், போதும் என்று இருந்துவிட்டோம். அனுமதியில்லாமல் கூடியதாக என் பேரிலும் இன்னும் மூன்று பேர் பேரிலும் வழக்கு. அந்த மூன்று பேரில் ஒரு பையன் வேலைக்காகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தான். அவன் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்று ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் போனார். அந்த நிமிஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே அனுமதிக் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்றில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். முத்திரை இல்லாத தலையாட்டலை நம்பாதீர்கள். வேலை தேடுகிற வயதில் உள்ள பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள்.

நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் காகிதத்தில் ஓட்டை தேடுவதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவன் இந்த விஷயத்தில் காகிதத்தைப் பார்க்காமல் ஃப்ளெக்ஸ் அடிக்கப் போனேன் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல். நவம்பரில்தான் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டி, இந்தச் சர்வே எண்ணுக்குத் திட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறதா, வந்திருந்தால் வரைபட நகல் வேண்டும் என்று கேட்டேன். 30 நாளில் பதில் வர வேண்டும். 29-ஆம் நாள் வந்தது: மூன்றாம் நபர் தகவல், தர இயலாது. மேல்முறையீடு செய்தேன், அதற்குக் கட்டணம் இல்லை. அதன் பிறகு விண்ணப்பம் வந்த தேதியையும் மொத்தப் பரப்பையும் மட்டும் கொடுத்தார்கள். தியேட்டரில் கடைசிக் காட்சி ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே விண்ணப்பம் போய்விட்டிருந்தது. கேட்கும்போது 'ஏன்', 'எதற்காக' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. கோப்பு எண், தேதி, நகல், குறிப்புப் பக்கம் என்று பொருளாகக் கேளுங்கள். ஒரு மனுவில் பத்துக் கேள்வி அடுக்குவதைவிட மூன்று மூன்றாகப் பிரித்துப் போடுவது மேல்.

அதைவிடப் பெரிய அடி வில்லங்கத்தில் இருந்தது. ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கிராமம், சர்வே எண் தெரிந்தால் போதும். சும்மா ஒரு இரவு பார்த்தேன். மண் பரிசோதனை நடந்த இரவுக்குப் பதினாறு மாதம் முன்பே உரிமையாளரும் கட்டுமானக் கம்பெனியும் சேர்ந்து கட்டப் போடும் கூட்டு அபிவிருத்தி ஒப்பந்தமும் பவரும் பதிவாகியிருந்தன. நாங்கள் தகரத்தைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தபோது கதை முடிந்து ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. மனிதச் சங்கிலிக்கு ஆன பணமும் வழக்கும் எல்லாம், ஏற்கெனவே கைமாறிவிட்ட ஒன்றுக்காக. உங்கள் தெருவில் நீங்கள் பொத்திவைத்துப் பார்க்கிற கட்டடம் எதுவாக இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வில்லங்கம் பாருங்கள். பாகப்பிரிவினை, ஒரு பங்குதாரர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்று வரிசையாகப் பதிவானால் வாரிசுகள் விற்கத் தயாராகிறார்கள் என்று பொருள். பேசப் போக வேண்டிய நேரம் அதுதான்.

சட்டம் காப்பாற்றுமா என்ற கேள்விக்கு வருகிறேன். பழைய தியேட்டர் என்பதற்காக மட்டும் ஒரு கட்டடத்துக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. 1966-ஆம் வருடத்துத் தமிழ்நாடு தொல்லியல் சின்னங்கள் சட்டத்துக்குள் வரக் கட்டடத்துக்கு நூறு வயது ஆகியிருக்க வேண்டும், அதற்கும் மேலே அரசே அறிவிக்க வேண்டும். பாரம்பரிய ஆணையத்துக்கு 2012-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள், அது பல வருடம் காகிதத்திலேயே கிடந்தது. சென்னையில் ஓரளவுக்குப் பிடிமானம் என்றால், அண்ணா சாலையில் இருக்கும் பழைய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்க ஆரம்பித்ததை எதிர்த்து பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு போட்ட வழக்கில் 2010-ல் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்புதான். பட்டியலில் உள்ள பாரம்பரியக் கட்டடங்களைத் தொட வேண்டுமென்றால் சிஎம்டிஏ எனும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவைக் கேட்க வேண்டும் என்ற நிலை அதற்குப் பிறகுதான் வந்தது. வக்கீல் என்னிடம் முதலில் கேட்டதே, 'பட்டியல்ல உங்க தியேட்டர் இருக்கா சார்?' என்றுதான். இல்லை. பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு கொடுப்பது ஒரு வேலை, இடிப்பைத் தடுப்பது வேறு வேலை. முதலாவதை நிதானமாக, கட்டடத்துக்கு ஆபத்து எதுவும் தெரியாத காலத்தில் செய்திருக்க வேண்டும்.

தியேட்டர்கள் எப்படித் தப்பித்திருக்கின்றன என்று தேடியபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. அண்ணா சாலையில் 1913-ல் வார்விக் மேஜர் ஆரம்பித்த எலக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது. படம் காட்டி நிற்கவில்லை, சீக்கிரமே தபால் துறைக்குக் கைமாறி, இன்று தபால்தலை நிலையமாக நிற்கிறது. அடுத்த வருடம், 1914-ல், ரகுபதி வெங்கய்யா கட்டிய கெயிட்டி போய்விட்டது. அதே 1914-ல் கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய வெரைட்டி ஹால், பின்னாளில் டிலைட் ஆகி, அதுவும் போய்விட்டது, வெரைட்டி ஹால் ரோடு என்ற தெருப்பெயர் மட்டும் மிச்சம். மதுரையில் 1952-ல் திறந்த தங்கம், ஆயிரக்கணக்கில் இருக்கை உள்ள அரங்கு, அந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை. தப்பித்தது எது என்றால் வேறு வேலைக்குப் பயன்பட்டது. நாங்கள் கடைசி வரை 'தியேட்டர் தியேட்டராகவே இருக்க வேண்டும்' என்று பிடித்த பிடியில் நின்றோம். எங்கள் தியேட்டரில் ஆயிரம் பேர் உட்கார இடம், வெள்ளிக்கிழமை மாலைக் காட்சிக்கே நாற்பது பேர். யார் நடத்துவது என்று எங்களிடம் ஒருவர் கேட்டிருந்தால் பதில் கிடையாது.

எங்கள் ஃப்ளெக்ஸில் 'நூற்றாண்டு கண்ட தியேட்டர்' என்று போட்டிருந்தோம். தெருவில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு 30,000 ரூபாய் கொடுத்து ஒரு கட்டடப் பொறியாளரை வைத்து ஆய்வு செய்தேன், கட்டடம் அபாயகரமானது என்று எதிர்த்தரப்பு சொல்லும் என்று தெரிந்ததால். அவர் சுவரில் இரண்டு இடத்தில் பூச்சைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, 'முகப்பு பழசுதான் சார், சுண்ணாம்புக் காரை. ஆனா ஹால் அப்படி இல்லை, கான்கிரீட் தூண், இரும்பு ட்ரஸ். இது அம்பதுகள்ல கட்டினதா இருக்கும்' என்றார். ஐம்பதுகளில் தீப்பிடித்து எரிந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். அது தெரிந்த ஒரே ஆள் ரிட்டயரான ஆபரேட்டர் அண்ணன், அவரிடம் யாரும் கேட்கவில்லை. கார்பன் குச்சி எரியும் புரொஜெக்டர் காலத்திலிருந்து அங்கே இருந்தவர். 'நீங்க நூறுன்னு போட்டப்பவே சொல்லலாம்னு பார்த்தேன் தம்பி, ஆசையா இருந்தீங்க' என்றார். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் செய்த முதல் காரியம் அந்த ஃப்ளெக்ஸின் படத்தை நீட்டியதுதான். சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் 1955-ல் வந்தது, சென்னையில் தியேட்டர் லைசென்ஸ் கொடுப்பது போலீஸ் கமிஷனர். அந்தக் கோப்பு, பழைய சொத்துவரி ரசீது, கட்டட வரைபடம் இவற்றை வைத்து வயதை எழுதுங்கள். முகப்பு மட்டும் பழசு என்றால் முகப்பு என்றே எழுதுங்கள். முகப்பை வைத்துக்கொண்டு பின்னால் கட்டிக்கொள் என்று கேட்டிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும். நாங்கள் 'ஒரு செங்கல்லைத் தொட விடமாட்டோம்' என்றோம். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

உரிமையாளரை நான் நேரில் பார்த்தது ஆரம்பித்து ஏழாவது மாதத்தில். அதுவரை அவர் எங்களுக்கு வில்லன். வயது எழுபதுக்கு மேல், கட்டியவரின் மகன். என்னை உட்கார வைத்து, கத்தாமல், ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்து முன்னால் வைத்தார். என் தொழில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. மின்கட்டணம், சொத்துவரி, டிஜிட்டல் கருவிக்கு மாதாமாதம், ஆள் சம்பளம், எல்லாம் அவர் கையெழுத்திலேயே. ஆறு வருடமாக ஒவ்வொரு மாதமும் சிவப்பு. பங்குதாரர்கள் ஏழு வாரிசுகள், அதில் மூன்று பேர் வெளிநாடு. 'மூணு வருஷம் முன்னாடி இன்டாக்கிலேர்ந்தோ வேற எங்கேர்ந்தோ ஒருத்தர் வந்து, முகப்ப வச்சுக்கோங்க, அதுக்கு இன்னின்ன சலுகை இருக்குன்னு சொல்லியிருந்தா என் தம்பிகிட்ட நான் பேசியிருப்பேன். இப்ப அட்வான்ஸ் வாங்கிட்டோம்' என்றார். எழுந்து வரும்போது நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், தெருமுனையில்தான் கவனித்தேன். சென்னையின் இரண்டாவது பெருந்திட்டத்திலேயே கட்டும் உரிமையை வேறு இடத்துக்கு மாற்றித் தருகிற டிடிஆர் என்ற ஏற்பாடு இருக்கிறது. நடைமுறையில் அது எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பது வேறு பேச்சு. ஆனால் உரிமையாளரிடம் போகும்போது கையில் கொடுக்க ஒன்று வேண்டும், வெறும் கோரிக்கையோடு போகக் கூடாது. முதல் வாரத்திலேயே போக வேண்டும்.

ஒன்பதாம் மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவதூறு, தொழில் நஷ்டம் என்று நான் வாழ்நாளில் பார்க்காத ஒரு தொகையை நஷ்ட ஈடாகக் கேட்டு, என் ஒருவன் பெயருக்கு. ஏன் என் பெயருக்கு? எல்லா மனுவிலும் நான் ஒருவன்தான் கையெழுத்து. குழுவில் 340 பேர், காகிதத்தில் ஒருவன். வாட்ஸ்அப்பில் ஆவேசத்தில் யாரோ போட்ட ஒரு வரியை நான் நீக்காமல் விட்டதையும் இணைப்பாக வைத்திருந்தார்கள். அன்றிரவு குழுவில் நோட்டீஸைப் போட்டேன். 'தைரியமாக இருங்கள்' என்று 60 பேர், காலைக்குள் 22 பேர் குழுவிலிருந்து வெளியே. எதிர்த்தரப்பிடம் பணம் வாங்கத்தான் நான் ஆடுகிறேன் என்று ஒரு பேச்சும் கிளம்பியது. என் மனைவி, சீட்டுப் பணத்தை வக்கீலுக்குக் கொடுத்தபோதுகூட ஒன்றும் சொல்லாதவள், அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அழுதாள். தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் இருந்தால் ஒரு சங்கம் பதிவு செய்யலாம். முதல் மாதமே அதைச் செய்து, சங்கத்தின் பெயரில் மனு, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு என்று போயிருக்க வேண்டும். ஏழு பேர் கையெழுத்துப் போட முன்வரவில்லை என்றால், அதுவும் ஒரு தகவல்தான். அப்போதே நிறுத்திக்கொள்ளலாம்.

கோர்ட்டுக்கு ஜூலையில் போனோம். அதிகாரிகளுக்கு முதலில் எழுதிக் கொடுத்த மனுவும் அதைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியும் இல்லாமல் அதிகாரிகளுக்கு உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் கேட்கும் ரிட் மனு போட முடியாது என்றார்கள், அதற்கே இரண்டு மாதம் போயிருந்தது. எங்களையும் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று எதிர்த்தரப்பு முன்கூட்டியே கேவியட் மனு போட்டு வைத்திருந்தது, எனவே அவர்களைக் கேட்காமல் தடை கிடையாது. நவம்பர் இரண்டாம் வாரம் உத்தரவு வந்தது: மனுதாரர் கொடுத்துள்ள மனுவைச் சட்டப்படி பரிசீலித்துப் பன்னிரண்டு வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். கோர்ட்டுக்கு என்னோடு வந்த நான்கு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தேன். தடை என்ற சொல் அந்த உத்தரவில் எங்கேயும் இல்லை. வக்கீல் சொல்லத்தான் செய்தார், நான்தான் காதில் வாங்கவில்லை. பரிசீலி என்றால் பரிசீலித்து நிராகரிக்கவும் செய்யலாம், பரிசீலிப்பதற்குள் இடிக்கவும் செய்யலாம். உத்தரவு வந்தால் முதலில் கேளுங்கள்: இந்தப் பன்னிரண்டு வாரத்தில் கட்டடத்தைத் தொடக் கூடாது என்று இதில் இருக்கிறதா? இல்லை என்றால் அன்றைக்கே அதைக் கேட்டு அடுத்த மனு.

ஒன்பதாவது வாரம் போகி. விடியற்காலை நான்கரைக்குத் தெருவில் புகை, பழைய பாய் எரிகிற வாசனை, பையன்களின் மேளம். அந்தச் சத்தத்துக்குள் இயந்திரம் வந்தது யாருக்கும் கேட்கவில்லை. ஆறு மணிக்கு நான் போனபோது மயில் இல்லை. போலீஸ் பாதுகாப்பு இருந்தது. வக்கீல் சொந்த ஊரில், கோர்ட் பொங்கல் விடுமுறை. சனிக்கிழமை, தொடர் விடுமுறை, பண்டிகை, இந்த நாட்களில்தான் இடிப்பு நடக்கும், நாட்காட்டியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் அவசர மனுவுக்கு என்ன வழி, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். நான் எதிரே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபரேட்டர் அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், இரண்டு டீ சொன்னார், காசும் அவரே கொடுத்தார்.

கணக்கு இது: வக்கீல் 75,000. டைப்பிங், ஜெராக்ஸ், நோட்டரி, கோர்ட் செலவு 14,200. பொறியாளர் 30,000. ஃப்ளெக்ஸ், நோட்டீஸ், மைக் செட் 22,300. ஆக மொத்தம் 1,41,500. வசூல் ஆனது 46,500. வசூலில் பெரிய தொகை பூக்காரம்மா கொடுத்த 5,000, அமெரிக்கா இல்லை.

பூக்காரம்மாவைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், இத்தனை அலைச்சலில் ஒரே உருப்படியான காரியம் அவர்கள் பக்கம்தான் நடந்தது. இடிபாடுகளுக்கு நடுவே புதுக் கட்டடத்துக்கு அகலமான வழி வேண்டும் என்று நடைபாதைக் கடைகளை அகற்ற அடுத்த நோட்டீஸ் வந்தது. சலித்துப்போய், சும்மா படித்துப் பார்க்கலாம் என்று சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014-ஐ எடுத்தேன். ஐம்பது வருடத்துக்கு மேல் வியாபாரம் நடக்கிற இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது என்று அதன் அட்டவணையில் இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது என்றும் இருக்கிறது. தியேட்டருக்கு இல்லாத பாதுகாப்பு, அதன் வாசலில் உட்கார்ந்திருந்த கூடைக்கு இருந்திருக்கிறது. முதல் நாளே இதைப் பிடித்திருந்தால் பேச்சுவார்த்தையில் எங்கள் கை கொஞ்சம் ஓங்கியிருக்கும். வாசல் அகலம் இல்லாமல் அத்தனை மாடிக்கு எப்படிக் கட்டுவார்கள்?

இந்தத் தடவை மைக் செட் கிடையாது. 31 பேரில் 26 பேரிடம் பழைய ஆதாரம் கிடைத்தது. மாநகராட்சிக்குக் கட்டிய அபராத ரசீது, 1970-களில் தியேட்டர் முன்னால் எடுத்த கல்யாண ஊர்வலப் படம், அதில் ஓரமாக வாழைப்பழத் தட்டோடு ஒரு அம்மா, அதுகூட ஆதாரம்தான். ஏழு பேர் கையெழுத்தோடு சங்கம் பதிவாகிவிட்டது, நான் அதில் பொறுப்பில் இல்லை, காகிதம் எழுதிக் கொடுப்பவன் மட்டும். பத்தொன்பது பேருக்கு அடையாள அட்டை வந்திருக்கிறது. மற்றவர்களுக்கு நகர விற்பனைக் குழுவில் மனு நிற்கிறது. நோட்டீஸைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் யாரையும் இதுவரை எழுப்பவில்லை.

நேற்று பூக்காரம்மா அட்டையைக் கொண்டுவந்து, லேமினேஷன் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். படித்துப் பார்த்தால் பெயரில் ஓர் எழுத்துத் தப்பு, அவர் வீட்டுக்காரர் பெயர் அடியோடு வேறு. இப்படியே லேமினேஷன் போட்டால் அப்புறம் திருத்த முடியாது. செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு போட்டு மண்டல அலுவலகம் போக வேண்டும், ஆதாரும் பழைய ரேஷன் கார்டும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.